அப்பத்தாவை நிமிர்ந்து நடக்கச் சொல்லலாமா?

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பத்தாவுக்கு 72 வயது. ஒரு வருடமாக, வளவை (வீட்டின் உள்முற்றத்தை) நாலு சுற்றுச் சுற்றினாலே இரண்டு காலும் கனத்து, கெண்டைக்கால் கடுத்து, பாதம் மரத்துப்போகிறது. பட்டாலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. நடக்கும்போது முன்பக்கம் குனிந்தே நடக்கிறார். எம்.ஆர்.ஐ.யில் எல்4–எல்5 இடத்தில் (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே) நரம்புப் பாதை கடுமையாகக் குறுகியிருப்பதாகவும், மேல் எலும்பு கொஞ்சம் முன்னால் நகர்ந்திருப்பதாகவும், எக்ஸ்ரேயில் இடுப்பின் இயல்பான வளைவு குறைந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் முதுகை நிமிர்த்தும் பெல்ட் கொடுத்தார். அதைப் போட்டால் கால்வலி கூடுகிறது. இன்னொருவர் வளைவைச் சரிசெய்ய ஸ்க்ரூ, ராடு வைக்க வேண்டும் என்கிறார். வளைவு போனதால்தான் இந்த வலியா, நிமிர்த்தினால் போய்விடுமா என்பது கேள்வி.

இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. குனிவு நோயா, நோயிலிருந்து தப்பிக்க உடம்பு எடுத்துக்கொண்ட நிலையா என்பது ஒன்று. வளைவைச் சரிசெய்தால் கால் சரியாகுமா என்பது மற்றொன்று. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அந்தக் குனிவு பெரும்பாலும் தப்பிக்கும் நிலைதான். ஆகவே அதைப் பெல்ட் போட்டுத் தடுப்பதில் பொருளில்லை. இரண்டாவது கேள்விக்கான பதில், அப்பத்தாவின் குனிவு படுத்தால் விரியும் குனிவா, இறுகிப்போன குனிவா என்பதைப் பொறுத்தது. படங்களைப் பார்க்காமல், காலைத் தொட்டுப் பரிசோதிக்காமல் எழுதும் பதில் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இடுப்பு எலும்புகளின் பின்னால் ஓடும் குழாய்க்குள் கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் கத்தையாக இறங்குகின்றன. குழாயின் முன்சுவரில் டிஸ்க், பின்சுவரில் மஞ்சள் நிற லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்), இருபுறமும் சிறு மூட்டுகள். வயது ஏற ஏற டிஸ்க் தட்டையாகிப் பின்னால் பிதுங்கும், மூட்டுகள் பெருத்துவிடும், லிகமென்ட் தடித்துவிடும். மூன்றும் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். குழாயின் முன்பின் அளவு 12 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் குறுகல், 10க்குக் கீழே வந்தால் கடுமையான குறுகல் என்பது பழைய கணக்கு. இந்த நோயை 1954-இல் விவரித்த டச்சு அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்டின் வழியில் வந்தது அது. இப்போது நரம்புப் பையின் குறுக்குப் பரப்பையும் பார்ப்பார்கள்: 100 சதுர மில்லிமீட்டருக்குக் கீழே குறுகல், 75க்குக் கீழே கடுமை.

ஆனால் இந்த அளவு ஒரே நிலையில் நிற்பதில்லை. முதுகைப் பின்னால் வளைத்தால் பின்சுவரின் லிகமென்ட், முழங்கையை மடக்கும்போது சட்டைக்கை உள்பக்கம் சுருள்வதுபோலச் சுருண்டு குழாய்க்குள் துருத்தும். டிஸ்க்கும் பின்னால் பிதுங்கும். பக்கவாட்டில் நரம்பு வெளியேறும் துவாரத்துக்குள் கீழ் எலும்பின் மூட்டு முனை ஏறிவரும். முன்னால் குனிந்தால் இவை எல்லாம் திரும்பிப் போகும். இறந்தவர்களின் முதுகெலும்பில் அளந்து பார்த்ததில், நடுநிலையோடு ஒப்பிட்டால் பின்னால் வளைத்தபோது குழாயின் பரப்பு பத்து சதவீத அளவில் குறைகிறது, குனிந்தால் ஏறத்தாழ அதே அளவு கூடுகிறது. நல்ல குழாயில் பத்து சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே இறுகிய குழாயில் அதுதான் வலிக்கும் வலியின்மைக்கும் நடுவிலுள்ள தூரம். 1995-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், குறுகிய இடத்தில் அழுத்தமானி வைத்து நோயாளிகளை நடக்கவிட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் அழுத்தம் ஏறி இறங்கியது. குனிந்து நடந்தபோது அது தணிந்தது.

வலி உடனே வராமல் நாலு சுற்றுக்குப் பிறகு வருவதற்கு இரத்த ஓட்டத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறும்போது நரம்பு வேர்களின் சிரைகளில் இரத்தம் தேங்குகிறது. வேலை செய்யும் நரம்புக்குத் தேவையான இரத்தம் போய்ச் சேருவதில்லை. உட்கார்ந்தால் தேக்கம் வடிய சில நிமிடங்கள் ஆகும். அப்பத்தாவின் ஐந்து நிமிடம் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

இதிலிருந்து வீட்டில் பார்க்கும் பல விஷயங்கள் விளங்கிவிடும். நடக்காமல் சும்மா நிமிர்ந்து நின்றாலே கால் கனக்கும். பிள்ளையார்பட்டி தரிசன வரிசையில் நிற்பது, அதே தூரத்தைக் குனிந்து நடப்பதைவிடக் கஷ்டம். குன்றக்குடி மலைப்படியில் ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாயும், அதனால் தாங்கிவிடும். இறங்கும்போது உடம்பு பின்னால் சாயும், அப்போதுதான் கால் இழுக்கும். (முழங்கால் தேய்மானத்திலும் இறக்கம்தான் கஷ்டம். வலி முட்டியில் இருக்கிறதா, தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை ஓடுகிறதா என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.) மேல் பரணில் எதையாவது எடுக்க, உயரக் கொடியில் துணி போட அண்ணாந்தால் கால் மரக்கும். சைக்கிள் மிதித்தால் ஒன்றும் ஆகாது.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் படிக்கும்போதும் இதை மறக்கக் கூடாது. படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் திண்டு கொடுத்து எடுக்கும் படம் அது. அந்த நிலையில் இடுப்பு வளைவு தளர்ந்து குழாய் ஓரளவு விரிந்திருக்கும்; நிற்கும்போது படத்தில் இருப்பதைவிட இறுக்கம் கூடும். நின்றால் முன்னால் நகரும் எலும்பு, படுத்தால் தன் இடத்துக்கே வந்து படத்தில் தெரியாமலும் போகலாம். மறுபக்கம், படத்தின் கடுமைக்கும் வலியின் கடுமைக்கும் நேர் விகிதம் கிடையாது. ஜப்பானின் வாகயாமா பகுதியில் பொதுமக்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது பத்தில் மூன்று பேருக்குக் கடுமையான குறுகல் இருந்தது. அப்படி இருந்தவர்களில் அறிகுறி இருந்தவர்கள் 17.5 சதவீதம்தான். ‘கடுமை’ என்ற ஒரு சொல்லை ரிப்போர்ட்டில் பார்த்துப் பயந்துபோய் எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

இனி வளைவின் கணக்கு. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து உள்வளைவு, மேல்முதுகு வெளிவளைவு, இடுப்பு மறுபடி உள்வளைவு. இடுப்பு உள்வளைவின் பெரும்பங்கு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு, எல்4-க்குக் கீழேதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உள்வளைவு தேவை என்பதை அவரவர் கூபக எலும்பின் (இடுப்புக்கூட்டின்) அமைப்பு தீர்மானிக்கிறது. அதற்கு ஒரு கோணம் உண்டு, பெல்விக் இன்சிடென்ஸ் என்பார்கள். பெரியவர்களில் அநேகமாக மாறாத அது சராசரியாக 50 பாகையை ஒட்டி வரும்; ஆளுக்கு ஆள் 35-உம் இருக்கலாம், 75-உம் இருக்கலாம். இடுப்பு வளைவு இந்தக் கோணத்துக்கு 10 பாகைக்குள் பொருந்தி வந்தால் நல்லது என்பது பொதுக் கணக்கு. அதனால்தான் ‘வளைவு குறைந்திருக்கிறது’ என்ற ஒற்றை வரிக்கு, கூபகக் கோணம் தெரியாமல் மதிப்பே இல்லை. 40 பாகை வளைவு ஒருவருக்குப் போதும், இன்னொருவருக்குப் பெரிய பற்றாக்குறை. அதோடு, வலியில் சுருங்கியிருக்கும்போதும், படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயிலும் வளைவு குறைவாகத்தான் தெரியும்.

இன்னொரு அளவு, கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்து தொங்கவிட்ட தூக்குநூல் எங்கே விழுகிறது என்பது. திரிக எலும்பின் (முதுகெலும்பின் அடியில் கூபகத்தோடு சேரும் எலும்பு) மேல் பின்முனையிலிருந்து 4–5 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் சரி, 9.5 தாண்டினால் உடம்பு நன்றாக முன்னால் சாய்ந்துவிட்டது. சாய்வு கூடினால் உடம்பு முதலில் கூபகத்தைப் பின்னால் சுழற்றும், பிறகு முழங்காலை மடக்கும். அதனால் கூபகம் எவ்வளவு பின்னால் சுழன்றிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 20 பாகைக்குமேல் போனால் உடம்பு ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த எண்களைக் கல்லில் செதுக்கியதுபோல எடுத்துக்கொள்ளாதீர்கள். 70 தாண்டியவர்களுக்கு இளைஞரின் அளவைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2016-க்குப் பிறகு வயதுக்கேற்ற அளவுகள் வந்துவிட்டன. எழுபது வயதில் கொஞ்சம் முன்சாய்வு இயல்பு.

இந்த அளவுகளுக்கு நின்ற நிலையில் கழுத்திலிருந்து இடுப்புப் பந்து மூட்டுவரை ஒரே படத்தில் வரும் நீள எக்ஸ்ரே வேண்டும். விரல்களைக் காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் வைத்து, முழங்காலை நீட்டி நிற்கவேண்டும். சிறிய ஸ்கேன் சென்டர்களில் இடுப்பு மட்டும் தனியாக எடுத்துத் தருவார்கள். அதில் இவற்றை அளக்க முடியாது. மதுரை, திருச்சியில் பெரிய இடங்களில் கேட்டுப்பாருங்கள். ஒரு எச்சரிக்கை: நரம்புக் குறுகல் (ஸ்டெனோசிஸ்) உள்ளவர் எக்ஸ்ரே அறையில் பத்து நொடி கஷ்டப்பட்டு நிமிர்ந்து நிற்பார், படம் அழகாக வரும். பத்து நிமிடம் நடக்கவிட்டு எடுத்தால்தான் உண்மையான சாய்வு தெரியும்.

இப்போது விரியும் குனிவையும் இறுகிய குனிவையும் பிரிக்கவேண்டும். வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாய் மட்டும் விரித்து, தலையணை இல்லாமல், காலை நீட்டி மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். இறங்கவும் எழவும் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். எழும்போது முதலில் பக்கவாட்டில் புரண்டு, பிறகு கையூன்றி எழவேண்டும். ஐந்து நிமிடத்தில் பின்மண்டை தரையைத் தொட்டு, முழங்காலின் பின்பக்கமும் தரையில் படிந்தால் குனிவு விரியக்கூடியது. நிற்கும்போது குனிவது நரம்புக்காகத்தான் என்று நம்ப இடமுண்டு. தலை தரையைத் தொடாமல் தாடை மேலே தூக்கி நின்றால் மேல்முதுகு இறுகியிருக்கிறது. பெண்களில் எலும்புத் தேய்வால் முள்ளெலும்பு நசுங்கியிருப்பது அதற்குப் பொதுவான காரணம். முழங்கால் தரையில் படியாமல் மடங்கியே இருந்தால் இடுப்பு மூட்டின் முன்தசையோ, இடுப்பு மூட்டோ, முழங்காலோ இறுகியிருக்கிறது.

அந்த இடுப்பு முன்தசை விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். வளைவைத் திருத்திப் பலன் பார்க்கக்கூடிய எளிய இடம் அதுதான். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத் தொடையின் முன்பக்கத்திலிருந்து இடுப்பு எலும்புகளுக்குப் போகும் தசை குறுகிவிடும். நிற்கும்போது அது கூபகத்தை முன்னால் இழுக்கும். நெஞ்சை நிமிர்த்த இடுப்பு இன்னும் அதிகமாக உள்ளே வளையவேண்டியிருக்கும், குழாய் மூடிக்கொள்ளும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். மறு தொடை மெத்தை மட்டத்துக்கு இறங்காமல் தூக்கியே நின்றால் தசை இறுக்கம். சோதனையும் பயிற்சியும் இதுவேதான்: 30 நொடி அப்படியே தொங்கவிட்டு, இருபுறமும் மூன்று முறை, தினம் இரு வேளை.

மூன்றாவது சோதனை நடை. வாக்கர், வீல்சேர், பிடித்துத் தள்ளக்கூடிய எதுவானாலும் சரி. முதலில் எதையும் பிடிக்காமல், முடிந்த அளவு நிமிர்ந்து நடக்கவிட்டு, கால் கனக்க ஆரம்பிக்கும் நேரத்தை போனில் பாருங்கள். உட்கார்ந்து முழுக்கச் சரியானதும் தள்ளிக்கொண்டு, குனிந்து நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டாவது நேரம் நன்றாகக் கூடினால் நிலையால் மாறும் வலி என்பது உறுதி. ஆனால் இங்கே பலர் சறுக்குவார்கள். வளைவு நிரந்தரமாகப் போய் முன்னால் சரிந்தவர்களுக்கும் வண்டியைத் தள்ளினால் சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் கைகள் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே தள்ளுவண்டி ஒன்றை மட்டும் வைத்து நரம்புக் குறுகல் என்று முடிவுகட்ட முடியாது. நரம்புக் குறுகலில் கனமும் மரப்பும் முழங்காலுக்குக் கீழேயும் போகும். வளைவுக் கோளாறில் இடுப்புத் தசைகள் நடக்க நடக்கக் களைத்துக் கடுக்கும், சாய்வு அடிக்கு அடி கூடும், மடங்கிய முழங்காலோடு நடப்பதால் தொடையின் முன்பக்கம் எரியும், மரப்பு அவ்வளவாக இருக்காது. இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் சகஜம். உங்கள் வர்ணனையில் கெண்டைக்கால் கடுப்பும் பாத மரப்பும் முன்னால் நிற்பதால்தான் நான் நரம்பின் பக்கம் சாய்கிறேன்.

பக்கவாட்டு வளைவையும் கேட்டு வையுங்கள். முதுமையில் வரும் பக்க வளைவு 10 பாகை தாண்டினால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். குழிந்த பக்கத்தில் நரம்பு வெளியேறும் துவாரம் நசுங்கும், அந்தப் பக்கக் கால் மட்டும் வலிக்கும், அந்தப் பக்கம் சாய்ந்தால் கூடும், உட்கார்ந்தாலும் முழுக்கப் போகாது. இரண்டு காலிலும் சமமாக இருக்கும் அப்பத்தாவின் வலிக்கு இது முதல் சந்தேகம் இல்லை.

இதே அறிகுறிகளோடு வரும் வேறு நோய்களையும் ஒதுக்கவேண்டும். கால் இரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கெண்டைக்கால் கடுக்கும். ஆனால் அதில் நின்ற இடத்தில் நின்றாலே ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும், குனியவோ உட்காரவோ தேவையில்லை; ஏற்றத்திலும் சைக்கிளிலும் வலி கூடும்; பாதத்தில் நாடித்துடிப்பு குறைந்திருக்கும். சர்க்கரை நோயின் நரம்புக் கோளாறு நடையைப் பார்த்து வராது, இரவில் படுத்தபின் பாதம் எரியும். இடுப்பு மூட்டுத் தேய்மானம் கவட்டியில் வலிக்கும், சம்மணம் போட விடாது. கை விரல்களில் தடுமாற்றம், ஜாக்கெட் பொத்தான் போட முடியாமை, நடையில் தள்ளாட்டம் இருந்தால் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்திலும் இடுப்பிலும் ஒருசேரக் குறுகுவது அபூர்வம் இல்லை. சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் திடீரென்று தொங்கிவிடுவது என்றால் அன்றைக்கே மருத்துவமனை. காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் ஓயாத இரவு வலி இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

பெல்ட்டுக்கு வருவோம். அது தோளில் பட்டை மாட்டி, முதுகில் இரண்டு கம்பிகள் ஓடும் டெய்லர் பிரேஸ் என்றால், அது எலும்பு முறிவிலும் முள்ளெலும்புக் காசநோயிலும் மேல்முதுகு முன்னால் மடங்காமல் தடுக்கக் கொடுப்பது. நரம்புக் குறுகல் உள்ளவருக்கு மாட்டினால், வலி கூடுவது எதிர்பார்க்கவேண்டியதே. கொடுத்தவரிடம் காரணம் கேளுங்கள். நசுங்கிய எலும்பு இருந்து கொடுத்திருந்தால் நீங்களாகக் கழற்றிப் போட்டுவிடக் கூடாது. அப்படிக் காரணம் இல்லையென்றால் அதற்குப் பதில் மெத்தென்ற இடுப்புப் பெல்ட்டை, வெளியே நடக்கும் நேரத்துக்கு மட்டும், அடிவயிற்றைக் கொஞ்சம் தூக்கிப்பிடிக்கும்படி கட்டிப் பார்க்கலாம். போட்டிருக்கும்போது நடை தூரம் சிலருக்குக் கூடும், கழற்றினால் பழையபடிதான்.

பயிற்சியில் எதைச் செய்யக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். முதுகுவலி என்றாலே புஜங்காசனம் சொல்லிக்கொடுப்பது நம் ஊரில் வழக்கம். இந்த நோயில் அது நேர் எதிர். குப்புறப் படுத்துக் காலைத் தூக்குவது, பாலம்போல இடுப்பை உயர வளைப்பது, கம்பியில் தொங்கிப் பின்னால் வளைவது எல்லாமே குழாயை மூடும் வேலை. முதுகைச் ‘சொடுக்கு’ எடுக்கிறேன் என்பவர்களிடம் 72 வயது எலும்பைக் கொடுக்காதீர்கள்.

செய்யவேண்டியவை: மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்து 20–30 நொடி பிடிப்பது, பக்கத்துக்கு மூன்று முறை. அடிவயிற்றை உள்ளிழுத்து இடுப்பைத் தரையோடு அழுத்தி 5 நொடி, பத்து முறை. மேலே சொன்ன இடுப்பு முன்தசை நீட்டல். பிறகு நிலைச் சைக்கிள், கைப்பிடியில் சாய்ந்தபடி, 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டி 20–30 நிமிடம். நடையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கால் கனக்க ஆரம்பித்துத் தாங்கக்கூடிய அளவிலேயே உட்கார்ந்துவிட வேண்டும், முழுக்கப் போனபின் மறுபடி எழவேண்டும், மொத்தம் 20–30 நிமிடம். வலியைப் பல்லைக் கடித்துத் தாண்டுவதால் நரம்பு பழகிக்கொள்வதில்லை. இவற்றுக்கு ஆறு வாரமாவது கொடுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால் உட்கார்ந்து தரையைத் தொடும் பயிற்சிகளையும் கையில் எடையோடு குனிவதையும் தவிர்க்கவேண்டும். குனிவு நரம்புக்கு நல்லது, நலிந்த முள்ளெலும்புக்கு நல்லதில்லை. இங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் கண்காணிப்பு காசுக்குத் தகுந்த பலன் தரும்.

வீட்டில்: நான்கு சக்கர வாக்கர், உட்காரும் பலகையோடு வருவது, கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு அல்லது அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்வாக. செட்டிநாட்டு வீடுகளில் ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி இருப்பதால், கட்டுக்கு ஒன்று வாங்கமுடியாது. அப்பத்தா அதிகம் நடமாடும் இரண்டு இடங்களுக்கு இடையே மரச் சரிவு போட்டுக்கொடுங்கள். அடுப்படியில் நின்று சமைத்தால் ஒரு காலை 10–15 சென்டிமீட்டர் உயரப் பலகையில் வைத்து, அவ்வப்போது கால் மாற்றட்டும், இடுப்பு வளைவு தளரும். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, நடுவில் தலையணை வைத்துப் படுக்கலாம். தைப்பூசப் பாதயாத்திரைக்காரர்களோடு குன்றக்குடிவரையாவது நடக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். வாக்கரோடு, உட்கார்ந்து உட்கார்ந்து, கூடவே ஒரு வண்டி வர, முடிந்த தூரம் போகட்டும். நடப்பதால் நரம்பு அறுந்துவிடாது.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. நரம்புவலிக்குத் தரும் கபாபென்டின், பிரிகாபலின் வகைகளுக்கு இந்த நோயில் ஆதாரம் மெலிது, வயதானவர்களுக்குத் தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு. வலி மாத்திரைகளைச் சிறுநீரகம் பார்த்துத்தான் தரவேண்டும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியை 2014-இல் 400 பேரிடம் சோதித்ததில், மரப்பு மருந்து மட்டும் போட்டவர்களைவிட ஆறு வாரத்தில் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை.

கடைசியாக ஸ்க்ரூ, ராடு. இந்த நோய் எல்லோருக்கும் மோசமாகிக்கொண்டே போவதில்லை. மிதமான அறிகுறி உள்ளவர்களில் கணிசமானோர் வருடக்கணக்கில் அப்படியே இருப்பார்கள், சிலர் தேறுவார்கள். ஆகவே அவசர அறிகுறி இல்லாதவரை முடிவெடுக்க நேரம் இருக்கிறது. அறுவை என்று வந்தால், அடிப்படை வேலை நரம்பை நெருக்கும் எலும்பையும் லிகமென்ட்டையும் எடுத்து இடம் உண்டாக்குவது. அதற்குமேல் எலும்புகளைப் பிணைப்பது தேவையா என்பதில்தான் தகராறு. 2016-இல் சுவீடன் ஆய்வில் 247 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில், எலும்பு நகர்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பிணைத்ததால் இரண்டு வருடத்தில் கூடுதல் நன்மை தெரியவில்லை. அதே ஆண்டு 66 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில் பிணைப்புக்குச் சற்று சாதகமாக வந்தது. 2021-இல் நார்வே ஆய்வு, எலும்பு நகர்ந்தவர்களிலும் பிணைக்காமல் நரம்பை மட்டும் விடுவிப்பது பின்தங்கவில்லை என்றது. வளைவு பெரிதாகக் கெட்டவர்களுக்கென்று நடந்த ஆய்வுகள் அல்ல இவை, அவர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

வளைவைப் பொறுத்தவரை கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நரம்பை மட்டும் விடுவித்த பிறகு, பலருக்கு இடுப்பு வளைவு தானாகக் கூடி முன்சாய்வு குறைகிறது என்று ஜப்பானிலிருந்து பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. குனியவேண்டிய அவசியம் போனதும் உடம்பு நிமிர்ந்துகொள்கிறது. எல்லோருக்கும் இது நடப்பதில்லை. முன்பே கூபகக் கோணத்துக்கும் வளைவுக்கும் பெரிய இடைவெளி உள்ளவர்கள் சாய்ந்தேதான் இருப்பார்கள், அவர்களுக்குக் கால்வலி போனாலும் இடுப்புவலி மிஞ்சுவது அதிகம். அறுவைக்கு முன்பிருந்த சாய்வு கால்வலியின் பலனையும் கெடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. என் சொந்தக் கணிப்பு: படுத்தால் விரியும் குனிவு, காலில் நரம்பு வலி, 72 வயது என்று மூன்றும் சேர்ந்தால், வளைவுக்காக நீளமாகப் பிணைப்பதை முதல் யோசனையாக வைக்கமாட்டேன். இந்த வயதில் பெரிய வளைவு திருத்தும் அறுவையில் சிக்கல்கள் அதிகம்.

பிணைக்கவே வேண்டியிருக்கும் நிலைகள்: நின்று குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேக்களுக்கு நடுவே எலும்பு 3–4 மில்லிமீட்டருக்குமேல் நகர்வது, எம்.ஆர்.ஐ.யில் பின்மூட்டுகளுக்குள் நீர் தேங்கி நிற்பது, மூட்டின் பாதிக்குமேல் எடுத்தால்தான் நரம்பு விடுபடும் என்பது, குழிந்த பக்கத் துவாரம் உயரத்தில் நசுங்கிக் கிடப்பது. பிணைத்தால், எல்4-க்குக் கீழே இயல்பான உள்வளைவு இருக்கும்படி பிணைக்கவேண்டும். தட்டையாகப் பிணைத்துவிட்டால் அந்தக் குறையை மேலுள்ள மூட்டுகள் சுமந்து சில வருடங்களில் அங்கேயும் குறுகலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நடை நேரக் குறிப்பு, எம்.ஆர்.ஐ. படங்கள் (ரிப்போர்ட் மட்டும் போதாது), நின்று எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். குனிந்து நிமிர்ந்து எடுத்த படத்தில் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, கூபகக் கோணத்துக்கும் இடுப்பு வளைவுக்கும் எத்தனை பாகை வித்தியாசம், விடுவிப்பு மட்டும் செய்தால் என்ன குறையும் என்று கேளுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் போய்க் காட்டலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பத்தாவின் எலும்பு அடர்த்தியை டெக்ஸாவில் இதுவரை பார்க்கவில்லை என்றால், ஸ்க்ரூ பற்றி யாரும் பேசுவதற்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள். நலிந்த எலும்பில் ஸ்க்ரூ பிடித்து நிற்காது.